கன்னி ராசியின் பெயரும் கதையும்

புரட்டாசி மாதம் திருமாலடியார்களுக்கு மிக உகந்த மாதம். திருமலையில் திருவேங்கடமுடையானுக்குப் பிரம்மோத்ஸவம் நடைபெறுவதும், சனிக்கிழமைதோறும் இல்லங்களில் விரதம் அனுஷ்டிக்கப்படுவதும், ஸ்வாமி வேதாந்த தேசிகன் 1268ஆம் ஆண்டில் திருவவதாரம் செய்தருளிய திருவோணம் கொண்டாடப்படுவதும் இம்மாதத்தில்தான். ஸங்கல்பம் செய்யும்போது இம்மாதத்தைப் புரட்டாசி என்று சொல்வதில்லை; கன்யா மாஸம் என்றே சொல்லுவர். சூரியன் கன்னி ராசியில் சஞ்சரிக்கும் காலமாதலின் அப்பெயர் வந்தது.

யார் இந்தக் கன்னி? வானத்தின் அந்தப் பகுதிக்கு ஒரு பெண்ணின் பெயர் எவ்வாறு வந்தது? அப்பெயரை முதலில் இட்டவர் யாவர்? பஞ்சாங்கத்தை நாள்தோறும் புரட்டும் கைகளுக்குப் பழக்கமான இச்சொல்லின் பின்னே 3000 ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. பாபிலோனியர், யவனர், எகிப்தியர், அரபியர், சீனர், பாரத தேசத்துப் பெரியோர் ஆகிய அனைவரும் அதில் இடம் பெறுகின்றனர்.

உழவுச்சாலும் கதிரும்

யூப்ரடீஸ், டைகிரீஸ் என்னும் இரு நதிகளுக்கிடையே வாழ்ந்த பாபிலோனிய மக்கள் வானத்தை இடைவிடாது நோக்கிக் களிமண் பலகைகளில் குறித்து வைத்தவர்கள். அவர்களுடைய விண்மீன் அறிவைத் தொகுத்துக் கூறும் நூலுக்கு முல் அப்பின் என்று பெயர். கி.மு. 1000 அளவில் உருவானதாகக் கருதப்படும் அந்நூலில், இன்று கன்னி எனப்படும் விண்மீன் கூட்டத்தின் பெயர் கன்னியன்று. 'உழவுச்சால்' என்பதே அதன் பெயர். ஏர் உழுத தடம் என்பது பொருள். ஷாலா என்னும் தேவியின் தானியக் கதிர் என்றும் அந்நூல் அதனைக் குறிப்பிடுகிறது. ஷாலா, மழைக்கும் இடிக்கும் அதிபதியாக அம்மக்கள் வழிபட்ட அதாத் என்னும் தேவனின் துணைவி.

இப்பெயரின் காரணம் எளிதில் விளங்கும். அந்நாட்டில் யவம் எனப்படும் வாற்கோதுமையே முதன்மையான பயிர். கோடையின் கடுமை தணிந்தபின், இலையுதிர் காலத்தில் உழுது விதைப்பது அங்குள்ள வழக்கம். சூரியனின் ஒளியில் சில வாரங்கள் மறைந்திருந்த இம்மண்டலத்தின் பிரகாசமான மீன், விடியற்காலையில் கீழ்வானில் மீண்டும் தோன்றியதும் அக்காலத்தில் அப்பருவத்தை ஒட்டியேயாகும். நிலத்தில் ஏர்த்தடம் விழும் வேளையில் வானில் ஓர் ஏர்த்தடம் தெரிந்தது. உழவனுக்கு அதைவிடச் சிறந்த நாட்காட்டி எது?

காலப்போக்கில் கதிரை ஏந்திய தேவியின் உருவமே முன்னின்றது. உருக் நகரைச் சேர்ந்த, அலெக்ஸாந்தருக்குப் பிற்பட்ட செலூக்கிய ஆட்சிக் காலத்துப் பலகை ஒன்றில், கையில் கதிர் ஏந்தி நிற்கும் பெண்ணின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. உழவுச்சால் கன்னியாக மாறிய படியை அப்பலகையில் காணலாம். சூரிய வீதியை 30 பாகை கொண்ட 12 சம பங்குகளாக வகுத்த முறையும் பாபிலோனியருடையதே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நிலைபெற்றது.

யவனர் கண்ட நீதிமகள்

பன்னிரு பங்குகளும் கிரேக்கரிடம் சென்றபோது, கதிரேந்திய தேவிக்குப் 'பார்த்தெனோஸ்' என்று பெயர் வழங்கிற்று. கன்னிப்பெண் என்பதே அதன் பொருள். அவள் கையிலுள்ள பிரகாசமான மீனுக்கு 'ஸ்தாக்கிஸ்' என்று பெயரிட்டனர். அதற்குத் தானியக் கதிர் என்பது பொருள். ரோமர் அதனைத் தம் மொழியில் 'ஸ்பைக்கா' என்றனர். அதற்கும் கதிரென்றே பொருள். ஐரோப்பிய மொழிகளில் அம்மீனுக்கு இன்றும் அதுவே பெயர். தமிழ்நாட்டில் அம்மீனைச் சித்திரை என்பர்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அராத்தோஸ் என்னும் புலவர், விண்மீன்களைப் பற்றிப் பாடிய 'பைனோமினா' என்னும் நூலில் இக்கன்னியின் கதையைக் கூறுகிறார். அவள் பெயர் தீக்கே. நீதி என்பது பொருள். பொன் யுகத்தில் அவள் மனிதர்களோடு மனிதராக மண்ணிலேயே வாழ்ந்தாள். மூத்தோரைக் கூட்டி வைத்து அறம் உரைத்தாள். அக்காலத்தில் போர் இல்லை; பூசல் இல்லை; உழவே வாழ்க்கையாக இருந்தது. வெள்ளி யுகம் வந்ததும் மனிதர் மனம் திரிந்தது. அவள் மலைகளுக்குள் ஒதுங்கினாள். மாலை வேளைகளில் மட்டும் தோன்றி அவர்களைக் கடிந்துரைத்தாள். மூன்றாவதாகிய வெண்கல யுகத்தில் மனிதர் வாளை வடித்தனர். உழவு மாட்டைக் கொன்று தின்றனர். அதைக் காணப் பொறாமல் அவள் வானுலகு ஏகி, அங்கே விண்மீன் கூட்டமாக நின்றுவிட்டாள்.

ரோமானியக் கவியாகிய ஓவிட், இவளை அஸ்திரேயா என்று அழைத்து, மண்ணுலகை விட்டு நீங்கிய தெய்வங்களுள் இறுதியானவள் இவளே என்கிறார். யுகந்தோறும் தர்மம் ஒரு கால் குறைகின்றது என்னும் புராண வழக்கை அறிந்தவர்களுக்கு, யவனரின் இக்கதை அந்நியமாகத் தோன்றாது. கன்னிக்கு அருகில் துலாம் என்னும் தராசு அமைந்திருப்பது நீதிமகளின் உருவத்துக்கு மேலும் பொருத்தமாயிற்று.

எனினும் யவனர் அனைவரும் இக்கதை ஒன்றையே கொண்டாரல்லர். கதிர் ஏந்தியிருத்தலின் இவள் பயிர்களின் தாயாகிய திமீத்தர் என்றனர் ஒரு சாரார். எகிப்தியரின் ஐசிஸ் என்றனர் சிலர். சிரியா நாட்டு அதர்காதிஸ் என்றனர் வேறு சிலர். தலைப்பகுதியிலுள்ள மீன்கள் மங்கலாகத் தோன்றுதலின், தலையில்லாத அதிருஷ்ட தேவதை என்று கூறியவர்களும் உண்டு. எரடோஸ்தனீஸ் என்பவர் பெயரால் வழங்கும் பழைய நூல் இக்கருத்துக்களை ஒருங்கே எடுத்துரைக்கிறது.

எரிகோனே என்னும் மகளின் கதையும் இம்மண்டலத்தைச் சார்ந்தது. அவள் தந்தை இக்காரியோஸ், தெய்வமொன்று அருளிய திராட்சை மதுவை இடையர்களுக்கு அளித்தான். மயக்கமுற்ற அவர்கள், நஞ்சு ஊட்டப்பட்டதாக எண்ணி அவனைக் கொன்றனர். வளர்ப்பு நாய் வழிகாட்ட, தந்தையின் உடலைக் கண்ட மகள் அவ்விடத்திலேயே உயிர் நீத்தாள். மூவரும் விண்மீன்களாயினர்; மகளே கன்னி என்பது கதை. இம்மண்டலத்திலுள்ள மற்றொரு மீனுக்குத் 'திராட்சை பறிப்பவள்' என்று பொருள்படும் பெயர் வழங்குவது இங்கு நினைக்கத்தக்கது. விடியற்காலையில் அம்மீன் தோன்றும் காலம் திராட்சை பறிக்கும் காலமாக இருந்தது.

எகிப்து, அரபு, சீனம்

எகிப்து நாட்டின் தெந்தேரா ஆலயத்தில் ஒரு மண்டபத்தின் மேல்விதானத்தில் ராசிச் சக்கரம் முழுவதும் வட்டமாகச் செதுக்கப்பட்டிருந்தது. அது கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலும் கன்னியின் கையில் கதிர் இருக்கிறது. ஆலயத்தின் விதானத்தில் வானத்தையே அமைத்துக் காட்டும் வழக்கம் எத்துணைப் பழையது என்பதற்கு அது சான்று.

அரபியர் இந்த ராசியைக் கன்னி என்னும் பொருளில் 'அத்ரா' என்றனர்; ஆயினும் 'சுன்புலா' என்னும் பெயரே பெரிதும் வழங்கிற்று. சுன்புலா என்றால் தானியக் கதிர். பாரசீகத்தில் வழங்கிய 'கூஷே' என்பதற்கும் அதுவே பொருள். பெண்ணின் உருவம் பின்னே சென்று, பாபிலோனியரின் கதிர் மீண்டும் முன்னே வந்துவிட்டது. சித்திரை மீனைத் தனியாகக் குறிக்கும்போது, 'ஆயுதமற்ற ஸிமாக்' என்று அவர்கள் அழைத்தனர். அதற்கு வடக்கே ஒளிரும் ஸ்வாதி மீன் 'ஈட்டி ஏந்திய ஸிமாக்' ஆயிற்று. ஸ்வாதியின் அருகில் சிறு மீன் ஒன்று ஈட்டிபோல் நிற்க, சித்திரை துணையின்றித் தனித்து ஒளிர்வதே இப்பெயர்களுக்குக் காரணம்.

சீனர் கண்டது முற்றிலும் வேறு. அவர்கள் சந்திரனின் பாதையை 28 மனைகளாக வகுத்தனர். அவற்றுள் முதலாவதற்குக் கொம்பு என்று பெயர். சித்திரை மீனும் அதற்கு வடக்கேயுள்ள மற்றொரு மீனும் சேர்ந்து, வானத்தில் கிடக்கும் பெரிய நீல நாகத்தின் இரு கொம்புகளாகும். அடுத்த மனை அதன் கழுத்து. விருச்சிகத்தின் கேட்டை மீன் அதன் இருதயத்தைச் சேர்ந்தது. வசந்த காலத்தின் தொடக்கத்தில், மாலையில் கீழ்வானில் முதலில் எழுவது இக்கொம்பே. ஆதலால் அவர்களுடைய இரண்டாம் மாதத்து இரண்டாம் நாளை 'நாகம் தலைதூக்கும் நாள்' என்று கொண்டாடி, உழவுக்கும் மழைக்கும் தொடக்கமாகக் கருதினர். பிற்காலத்தில் பௌத்த நூல்களின் வழியே பன்னிரு ராசிகள் சீனத்துக்குச் சென்றபோது, கன்னி அங்கே 'இரட்டைப் பெண்கள்' ஆனாள். ஒரு பெயர் பல மொழிகளைக் கடந்து செல்லும்போது ஒருவர் இருவராவதும் நிகழ்கிறது.

பாரத தேசத்தில்

பாரத தேசத்தின் ஜோதிஷத்தில் இரண்டு அமைப்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று நக்ஷத்திரம், மற்றொன்று ராசி. நக்ஷத்திரங்கள் வேதகாலத்தவை. கிருத்திகை முதலாகத் தொடங்கும் அவற்றின் வரிசை தைத்திரீய ஸம்ஹிதையில் காணப்படுகிறது. பல்குனி, ஹஸ்தம், சித்திரை என்னும் பெயர்கள் அங்கேயே வந்துவிட்டன. வேதாங்க ஜ்யோதிஷமும் நக்ஷத்திரங்களைக் கொண்டே கணக்கிடுகிறது. மேஷம், ரிஷபம், கன்னி என்னும் ராசிகள் அதில் இல்லை.

ராசிகள் பின்னர் வந்தவை. மேல்நாட்டு வணிகக் கப்பல்கள் பாரதத்தின் மேற்குக் கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் அவை யவனரின் வழியாக வந்து சேர்ந்தன. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சார்ந்த 'யவன ஜாதகம்' என்னும் ஸம்ஸ்க்ருத நூல், தன் பெயராலேயே அதனைப் பறைசாற்றுகிறது. அந்நூல் காட்டும் கன்னி, நீரில் ஓடத்தின்மீது நின்று கையில் தீப்பந்தம் ஏந்தியவள். ஆறாம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்த வராஹமிஹிரர் தம்முடைய ப்ருஹஜ்ஜாதகத்தில், ஓடத்தில் நிற்கும் கன்னியின் கையில் பயிரையும் நெருப்பையும் வைக்கிறார். பாபிலோனிய உழவன் கண்ட கதிர் உஜ்ஜயினியிலும் அவள் கையை விட்டு நீங்கவில்லை.

வராஹமிஹிரர் மேலும் ஒன்று செய்கிறார். பன்னிரு ராசிகளுக்கும் ஸம்ஸ்க்ருதப் பெயர்களோடு வேறு பெயர்களையும் தருகிறார். அவற்றுள் கன்னிக்கு உரியது 'பாதோனம்'. யவனரின் பார்த்தெனோஸ் என்னும் சொல்லே இவ்வடிவம் பெற்றது. எங்கிருந்து வந்தது என்பதை அவர் மறைக்க முயலவில்லை. ப்ருஹத் ஸம்ஹிதையில், யவனர் மிலேச்சரேயாயினும் இச்சாஸ்திரம் அவர்களிடத்தில் நிலைபெற்றிருத்தலின் அவர்களும் ரிஷிகளைப்போலப் போற்றப்படுகின்றனர் என்னும் கருத்தை வெளிப்படையாக எழுதுகிறார். அனைத்தும் இங்கேயே தோன்றியது என்று சொல்லிக்கொள்வதே பெருமை என்று எண்ணுவோரும், பிறரிடமிருந்து வந்தது என்றாலே அதற்கு மதிப்பில்லை என்று தள்ளுவோரும் அவருடைய இவ்வாக்கைச் சிந்திக்க வேண்டும். கொண்டதைக் கொண்டதாகச் சொல்லி, அதனைத் தம்முடைய நக்ஷத்திரங்களோடு இணைத்து, புதியதொரு கட்டடத்தை எழுப்பியவர்கள் இத்தேசத்து ஆசாரியர்கள்.

தமிழகத்திலும் ராசிச் சக்கரம் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேலுள்ள விதானத்தில், ஆடு முதலாகிய ராசிகளின் வழியே கதிரவன் செல்லும் வானத்தைத் தீட்டியிருந்ததாக நெடுநல்வாடை கூறுகிறது. சந்திரனை விட்டு நீங்காத ரோகிணியும் அவ்வோவியத்தில் இருந்தாள். ராசியும் நக்ஷத்திரமும் ஒரே விதானத்தில் சேர்ந்துவிட்டன.

அவ்விணைப்பின்படி, 27 நக்ஷத்திரங்களை 12 ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒரு ராசிக்கு இரண்டேகால் நக்ஷத்திரம் வரும். கன்னிக்கு உரியவை உத்திரத்தின் பின் மூன்று பாதங்கள், ஹஸ்தம் முழுவதும், சித்திரையின் முன் இரண்டு பாதங்கள். இவற்றுள் உத்திரத்தின் முதன்மையான மீன் சிங்கத்தின் வாலில் உள்ளது. ஹஸ்தம் கன்னிக்குத் தெற்கே ஐந்து மீன்களாக நிற்கிறது. அதில் பாரதத்துப் பெரியோர் ஐந்து விரல்களுள்ள கையைக் கண்டனர். பாபிலோனியரும் யவனரும் அதே மீன்களைக் காக்கை என்றனர்.

உழவுச்சாலில் தோன்றியவள்

பாபிலோனியர் உழவுச்சாலைத் தேவியாகக் கண்டனர் என்னும் செய்தியைப் படிக்கும்போது, ஸ்ரீராமாயணத்தில் ஈடுபட்ட உள்ளங்கள் ஒரு கணம் நின்றுவிடும். ஸீதை என்னும் திருநாமத்துக்கு உழவுச்சால் என்பதே பொருள். ஜனகர் யாகசாலைக்காக நிலத்தை உழுதபோது ஏர்முனையில் தோன்றியவள் பிராட்டி. ரிக்வேதத்திலேயே ஸீதை என்னும் பெயரால் உழவுச்சால் தெய்வமாகப் போற்றப்படுகிறது.

இதனோடு மற்றொரு செய்தியும் உண்டு. வால்மீகி முனிவரின் பாலகாண்டத்தில், திருக்கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் ஜனகர், உத்தர பல்குனியை விவாகத்துக்கு உரிய நக்ஷத்திரமாகப் பெரியோர் போற்றுவதாக எடுத்துரைக்கிறார். உத்தர பல்குனியே தமிழில் உத்திரம். அதன் மூன்று பாதங்கள் கன்னி ராசியில் அடங்கியவை.

இவ்வொற்றுமையைக் கொண்டு, பாபிலோனியர் ஸீதாதேவியை அறிந்திருந்தனர் என்றோ, ஸ்ரீராமாயணம் வேற்று நாட்டுக் கதையைத் தழுவியது என்றோ முடிவு கட்டுதல் தகாது. இரண்டிற்கும் ஆதாரம் இல்லை. வால்மீகி குறிப்பது நக்ஷத்திரத்தையே; ராசியின் பழைய பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. உழவை நம்பி வாழ்ந்த இரு தேசத்து மக்கள், பூமியைக் கீறிய தடத்தில் விதை உயிர்பெறுவதைக் கண்டு, அத்தடத்தையே தாயாக வணங்கினர். ஒற்றுமை அவ்வளவே, அதுவே போதுமானது.

சித்திரை மீன் காட்டிய உண்மை

கன்னியின் கையிலுள்ள கதிர் உலகத்துக்கு ஒரு பேருண்மையைக் காட்டிக் கொடுத்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த திமோகாரிஸ் என்பவர், இரவும் பகலும் சமமாகும் துலா விஷுவப் புள்ளியிலிருந்து சித்திரை மீன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அளந்தார். அது மேற்கே 8 பாகை. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின்னர் ஹிப்பார்க்கஸ் என்னும் அறிஞர் மீண்டும் அளந்தபோது 6 பாகையே இருந்தது.

அவர் அளந்த முறை எளிமையானது. சந்திர கிரஹணத்தின்போது சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். அந்நாளில் சூரியன் இருக்குமிடம் கணக்கினால் தெரியும். ஆகவே சந்திரன் இருக்குமிடமும் தெரிந்துவிடும். கிரஹண சந்திரனுக்கும் சித்திரை மீனுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தால் மீனின் இடம் கிடைத்துவிடும். இரண்டு பாகை வேறுபாடு பிழையன்று என்று அவர் துணிந்தார். விஷுவப் புள்ளியே மெல்ல நகர்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. இதற்கு அயன சலனம் என்று பெயர். சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவது போலப் பூமியின் அச்சும் வட்டமிடுவதே இதற்குக் காரணம். ஒரு பாகை நகர்வதற்கு ஏறத்தாழ 72 ஆண்டுகள். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். ஹிப்பார்க்கஸ் காலத்தில் அப்புள்ளிக்கு மேற்கே 6 பாகையில் இருந்த சித்திரை, இன்று கிழக்கே ஏறத்தாழ 24 பாகையில் இருக்கிறது.

பலரைக் குழப்பும் ஓர் ஐயத்துக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. ஆங்கில முறைப்படி ராசிபலன் எழுதுவோர் ஆகஸ்ட் 23 அளவில் கன்னி தொடங்குவதாகக் கூறுவர். தமிழ்ப் பஞ்சாங்கத்திலோ செப்டம்பர் 17 அளவில்தான் புரட்டாசி பிறக்கிறது. முன்னது விஷுவப் புள்ளியிலிருந்து எண்ணும் ஸாயன முறை. பின்னது விண்மீன்களை ஒட்டி எண்ணும் நிராயன முறை. இரண்டுக்கும் இடையேயுள்ள ஏறத்தாழ 24 பாகை வேறுபாடே அயனாம்சம். ஒருவருக்கு வீட்டு ஜாதகத்தில் ஒரு சூரிய ராசியும் ஆங்கிலப் பத்திரிகையில் மற்றொன்றும் வருவது இதனாலேயாகும். இரண்டும் தத்தம் கணக்கில் சரியானவையே. தொடங்கும் இடம்தான் வேறு.

அயனாம்சத்தைப் பஞ்சாங்க கர்த்தர்கள் பலவாறாகக் கணித்து வந்தமையால், ஒரே திருவிழாவுக்கு ஊருக்கு ஊர் நாள் வேறுபட்டது. இதனை ஆராய மத்திய அரசு 1952ஆம் ஆண்டில் மேகநாத் சாஹா என்னும் விஞ்ஞானியின் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. அக்குழு 1955ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. 1956ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாளுக்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று கொள்ளப்பட்டது. இது சித்திரபக்ஷம் என்னும் முறையைத் தழுவியது. அஃதாவது, வானில் சித்திரை மீன் நிற்குமிடத்துக்கு நேர் எதிரே மேஷத்தின் தொடக்கத்தை வைப்பது. ஆகவே அம்முறையில் பாரதத்தின் ராசிச் சக்கரம் முழுவதையும் நிலைநிறுத்தும் முளை, கன்னியின் கையிலுள்ள கதிரேயாகும்.

திருவிழா நாட்களில் கன்னி

புரட்டாசி மாதத்தில் கன்னியை வானில் தேடினால் காண இயலாது. சூரியனே அங்கு இருப்பதால் அம்மண்டலம் பகலில் உதித்து மாலையில் மறைந்துவிடும். மாத முடிவில், அக்டோபர் 17ஐ ஒட்டி, சூரியன் சித்திரை மீனுக்கு அருகில் வந்து நிற்கும். மறுநாள் துலா மாதம்.

ஆறு மாதம் சென்று பங்குனி வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. சூரியன் மீனத்தில் இருக்க, பௌர்ணமி சந்திரன் அதற்கு எதிரேயுள்ள கன்னியில் நிற்கும். அச்சந்திரன் உத்திரத்தோடு கூடும் நாள் பங்குனி உத்திரம். பெரிய பிராட்டியாரின் திருநக்ஷத்திரமாகிய அந்நாளில்தான் திருவரங்கத்தில் நம்பெருமாளும் தாயாரும் சேர்த்தியில் எழுந்தருளுகின்றனர். பகவத் ராமானுஜர் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்ததும் அந்நாளிலேயே என்பது ஸம்ப்ரதாயம். ஆகவே புரட்டாசி உத்ஸவமும் பங்குனி உத்ஸவமும் ஒரே ராசியின் இரு முகங்கள். ஒன்றில் சூரியன் கன்னியில். மற்றொன்றில் முழுமதி கன்னியில்.

ஹஸ்தம் காஞ்சி பேரருளாளனுக்கு உரிய திருநக்ஷத்திரம். சித்திரை, மதுரகவியாழ்வாரின் திருநக்ஷத்திரம். ஆனி மாதத்துச் சித்திரையில் ஸ்ரீ ஸுதர்சன ஜயந்தி கொண்டாடப்படுகிறது. சித்திரை மாதத்தின் பெயரே இம்மீனால் வந்தது. முழுமதி எந்த நக்ஷத்திரத்தோடு கூடுகின்றதோ, அந்நக்ஷத்திரத்தின் பெயரை மாதத்துக்கு இடும் வழக்கத்துக்குப் பாணினி முனிவரே இலக்கணம் வகுத்திருக்கிறார். மதுரையில் கள்ளழகர் வையையில் எழுந்தருளும் சித்திரா பௌர்ணமி, அவ்வகையில் கன்னியின் கதிர் தந்த நாளாகும்.

வானில் காணும் வகை

பங்குனி, சித்திரை மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால்போல் வளைந்த மூன்று மீன்களின் வளைவைத் தொடர்ந்து சென்றால், செம்பொன் நிறமுள்ள ஸ்வாதி எதிர்ப்படும். அதே வளைவில் மேலும் தெற்கே சென்றால் நீலம் கலந்த வெண்மையாய் ஒளிர்வது சித்திரை. அதற்குச் சற்று வலப்புறம், சிறிய நாற்கோணமாகத் தெரிவது ஹஸ்தம். மேலே, சிங்கத்தின் வால்நுனியில் உத்திரம். உத்திரம், ஸ்வாதி, சித்திரை ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சமபக்கமுள்ள பெரிய முக்கோணமாக அமைந்திருக்கும். ராசி மண்டலங்களுள் மிகப் பெரியது கன்னியே.

ஒற்றை மீனாகத் தோன்றும் சித்திரை உண்மையில் இரண்டு மீன்கள். ஏறத்தாழ நான்கு நாட்களுக்கு ஒருமுறை அவை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அவற்றின் ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகின்றன. கன்னி மண்டலத்தின் திசையில் வெகு தொலைவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அண்டங்களின் கூட்டமும் உள்ளது. அவற்றுள் ஒன்றின் நடுவிலுள்ள கருந்துளையின் படமே 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வெளியிடப்பட்டது. மனிதர் கண்ட முதல் கருந்துளைப் படம் அதுவாகும்.

உழவுச்சால், கதிர், நீதிமகள், நாகத்தின் கொம்பு, ஓடத்தில் நிற்கும் கன்னி எனப் பெயர்கள் பலவாயின. அவ்வப் பெயரை இட்டவர்கள் அஞ்சியதும் விரும்பியதும் அதில் தெரிகின்றன: விளைச்சல், மழை, நீதி. எம்பெருமானுடைய உத்ஸவ நாட்கள் அதே வானத்தைக் கொண்டே குறிக்கப்படுகின்றன. திருவிழாவுக்கு வரும் அன்பர்கள் இரவில் கோயிலை வலம் வந்து திரும்பும்போது, கோபுரத்துக்கு மேலே ஒருமுறை நோக்கிச் சித்திரை மீனைக் கண்டு செல்வார்களாக.